ஐஸ்லாந்துக்குப் போன எலுமிச்சம்பழம்

ஐஸ்லாந்தை நான் பார்த்ததில்லை. ஆனால் போன வருஷம் ஒரு வாரம் முழுக்க, அந்தத் தீவு என்னால் வெடித்துச் சிதறப் போகிறது என்று நம்பிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் திரிந்தேன். எரிமலைகளோடு நூற்றாண்டுக் கணக்கில் குடித்தனம் நடத்தும் ஒரு நாட்டை, பொன்னேரியிலிருந்து லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்வருகிற ஒரு ஆள் அழித்துவிட முடியும் என்று நினைக்கக் கொஞ்சம் தலைக்கனம் வேண்டும், நிறைய பயம் வேண்டும். இரண்டும் என்னிடம் தாராளமாக உண்டு.

நான் வேலை பார்ப்பது தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனிகளின் மதில்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில். இரும்புத் தகட்டை வளைத்து, பற்றவைத்து, அழுத்தம் தாங்குகிற பெரிய பாத்திரங்கள் செய்கிறோம். நாங்கள் அதை வெசல் என்போம். என் மனைவி அண்டா என்பாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. அங்கே நான் குவாலிட்டி பார்ப்பவன். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு. சுருக்கமாக, மாமியார் உத்தியோகம்.

அதுவரை அரிசி ஆலைக்கும் சாயப்பட்டறைக்கும் அண்டா செய்துகொண்டிருந்த எங்களுக்கு முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் வந்தது. ஐஸ்லாந்தில் தரையில் ஆழமாகத் துளை போட்டால் நம் ஊர் போர்வெல் மாதிரி உப்புத் தண்ணீர் வராதாம். நீராவியும் கொதிக்கிற தண்ணீரும் கலந்து சீறிக்கொண்டு வருமாம். அதை உள்ளே வாங்கி, நீராவியைத் தனியாக மேலேயும் வெந்நீரைத் தனியாகக் கீழேயும் அனுப்பி வைக்கிற வெசல்தான் எங்களுக்கு வந்த வேலை. நீராவி போய் மின்சாரம் செய்யும். வெந்நீர் போய் ஊரில் ஒவ்வொரு வீட்டையும் சூடாக்கும்.

தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிற அன்று அங்கிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைவிட ஒரு முழம் உயரம். ஏப்ரல் மாதத்து கும்மிடிப்பூண்டியில் இறங்கிய கால் மணி நேரத்தில் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டார். "எங்கள் ஊரில் தரைக்குக் கீழே இருப்பதை நீங்கள் தரைக்கு மேலே வைத்திருக்கிறீர்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவரை எங்களுக்குப் பிடித்துப் போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். குழாயைத் திறந்தால் வருகிற வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமாம். பிறந்ததிலிருந்து அதில் குளிப்பவர்களுக்கு அது நாற்றமாகவே தெரியாதாம். "எங்க ஊர்லயும் அப்படித்தான் மேடம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதப் பொறுத்து" என்றேன். ரொட்டி மாவைப் பாத்திரத்தில் மூடி வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போனால் மறுநாள் வெந்து கிடக்குமாம். வெளியே பனி கொட்டும்போது திறந்தவெளி வெந்நீர்க் குளத்தில் கழுத்து வரை அமிழ்ந்து ஊர்வம்பு பேசுவார்களாம். நாங்கள் டீக்கடையில் செய்வதை அவர்கள் குளத்தில் செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் வெல்டிங் மேஸ்திரிதான் ஆர்வம் தாங்காமல், அங்கே தரையிலிருந்து தண்ணீர் தானாகப் பீய்ச்சி அடிப்பதைப் பற்றிக் கேட்டார். அவர் ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கம் பக்கத்து ஆள். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை நைனா என்பார். அவர் கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அம்மா ரசம் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கினார். தரைக்குள் குறுகலான ஒரு தொண்டை. அது நிறைய தண்ணீர். அடியில் இருக்கிற தண்ணீர் கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டிவிடும், ஆனால் மேலே நிற்கிற தண்ணீரின் பாரம் அதைக் கொதிக்க விடாது. அடக்கிக்கொண்டே இருக்கும். எப்போதாவது மேலே கொஞ்சம் தளும்பி வழிந்தால் பாரம் குறையும். அடுத்த கணம் அடியில் உள்ளது அத்தனையும் ஆவியாகி, மொத்தத் தண்ணீரையும் பனை உயரத்துக்குத் தூக்கி எறியும். எறிவதற்கு முன்னால் தண்ணீர் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு நொடி உப்பி நிற்குமாம்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மேஸ்திரி தலையாட்டினார். "தெரியும் தெரியும். எங்க அக்கா மாதிரி. வருசக்கணக்கா வாயே தொறக்காது. ஒரு கல்யாண ஊட்ல தொறக்கும் பாரு, பந்தலே தூக்கிக்கினு பூடும்."

அதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா ரசம் சிந்தச் சிந்தச் சிரித்தார். பிறகு இன்னொன்று சொன்னார். அந்த நேரத்தில் அதைக் கதையாகத்தான் கேட்டேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏமாற்றக் கூடாதென்று முன்பெல்லாம் அந்தத் தொண்டைக்குள் சோப்பு போடுவார்களாம். போட்டால் சீண்டிவிட்ட மாதிரி பீய்ச்சுமாம். கல்லையும் கண்டதையும் போட்டுத் தொண்டை அடைத்துப் போனதும் உண்டாம். இப்போது சுற்றிலும் கயிறு கட்டி, எதையும் உள்ளே போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு சோதனை. பம்பைத் தொடும் முன் மேஸ்திரி வழக்கப்படி சூடம் ஏற்றி, குங்குமம் வைத்த எலுமிச்சம்பழத்தை வெசலைச் சுற்றி மூன்று முறை காட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே போட்டுக் காலால் நசுக்கினார். அந்த அம்மா இது எதற்கு என்று கேட்டார். கண் படாமல் இருக்க என்பதை ஆங்கிலத்தில் விளக்க எனக்குச் சோம்பல். "கூடுதல் பாதுகாப்புச் சாதனம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மரியாதையோடு தலையை மட்டும் ஆட்டினார்.

வெசலில் ஒரு பொட்டு கசியவில்லை. கிளம்பும்போது அவர் வெசலின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "முதல் நாள் நீராவிக் கிணற்றின் வால்வை நானே திறப்பேன். இதன் பக்கத்தில்தான் நிற்பேன். வீடியோவில் பாருங்கள்" என்றார்.

மே மாதம் வெசல் கிளம்பியது. கப்பல் ஏறுகிற வெசலுக்கு உள்ளே ஈரமோ தூசியோ இருக்கக் கூடாது. கடைசியாக ஒரு ஆள் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு வந்த பிறகு, ஆள் நுழைகிற வாயை மூடி போல்ட்டை இறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜனை அடைத்துவிடுவோம். சிப்ஸ் பாக்கெட்டில் அடைக்கிற அதே சமாசாரம். அந்தக் கடைசி ஆள் நான். நான் உள்ளே தவழ்ந்துகொண்டிருந்தபோது மேஸ்திரி வாய் வழியாகக் கையை நீட்டினார்.

"நைனா, வெளிநாடு போற புள்ள. உள்ளயும் ஒரு சுத்து சுத்திட்டு எடுத்துக்கினு வா."

கையில் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம். வாங்கிச் சுற்றினேன். வெளியே வந்தேன். டிரைலர் வந்து நின்று ஹாரன் அடித்தது, ஆளாளுக்குக் கத்தினார்கள், பூசணிக்காய் உடைந்தது, வெசல் போய்விட்டது.

பல வாரங்கள் கழித்து, ஒரு அரிசி ஆலைக்கான சின்ன வெசலுக்குச் சூடம் ஏற்றிக்கொண்டே மேஸ்திரி சாதாரணமாகக் கேட்டார்.

"போன தபா பழத்த எங்க போட்ட நைனா? கேட்டாண்ட நசுக்குனியா?"

"நசுக்..." என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தின் பாக்கிப் பாதி வரவில்லை.

ஞாபகம் வந்தது. வெசலுக்குள் ஒரு இடத்தில் துருப் பொட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் துணியால் துடைத்தேன். துரு இல்லை, அழுக்கு. அதே நேரத்தில் போன் அடித்தது. வரும்போது கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லி மனைவி. சரி சரி என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்தேன். கையில் டார்ச் இருந்தது, துணி இருந்தது, போன் இருந்தது. கொத்தமல்லி கூட மறக்காமல் வாங்கிக்கொண்டு போனேன்.

"இன்னா நைனா மூஞ்சி இப்டி பூட்ச்சி?" என்றார் மேஸ்திரி.

"பழம் உள்ள கீது" என்றேன்.

"எதுக்குள்ள?"

"ஐஸ்லாந்துக்குள்ள."

மேஸ்திரி சூடத்தை அணைக்க மறந்து நின்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து சந்தோஷமாக அறிவித்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், எல்லோரையும் அண்ணே என்பார். "அண்ணே, வெசல அங்க நிக்க வெச்சுட்டாங்களாம். அடுத்த வாரம் ஸ்டீம் உடறாங்க. மேடம் வீடியோ கால்ல காட்டறேன்னாங்க. எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்!"

இனிமேல் என் மூளை நடத்திய நாடகம். வெசலின் அடியில் வெந்நீர் வெளியேறுகிற குழாய் இருக்கிறது. பழம் உருண்டு போய் அதன் வாயில் கார்க் மாதிரி உட்காரும். வெந்நீருக்கு வழி கிடையாது. தண்ணீர் ஏறும். அழுத்தம் ஏறும். குறுகலான தொண்டை, அடியில் சூடு, வாயில் அடைப்பு. அந்த அம்மா ரசம் டம்ளரை வைத்துச் சொன்னது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. உள்ளே சோப்பு போட்டாலே பீய்ச்சுமாம். பாத்திரம் தேய்க்கிற சோப்பின் உறையில் எல்லாம் என்ன படம் போட்டிருக்கிறார்கள்? எலுமிச்சம்பழம்! ஆக, சோப்பின் மூலப்பொருளையே நான் முழுசாக உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில், வால்வின் மேல் கை வைத்து, தக்காளி நிறத்தில் சிரித்துக்கொண்டு அந்த அம்மா.

முதலாளியிடம் உடனே சொல்லியிருக்கலாம்தான். முதலில் நானே ஆராய்ச்சி செய்து, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதனால் சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் சும்மா கிடக்கும். சின்னதாக மூச்சு விடும். நீலமாக உப்பும். உப்பும்போதே நான் சீட்டில் ஒரு சாண் எழும்பிவிடுவேன். பீய்ச்சியதும் தொப்பென்று உட்காருவேன். மறுபடி அடுத்த வீடியோ. எதிரே உட்கார்ந்திருந்தவர் கவரைப்பேட்டையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பொறுக்க முடியாமல் என் போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மெட்ரோ வாட்டர் பைப்பு ஒட்ச்சிக்கிச்சா? எந்த ஏரியா?"

"ஐஸ்லாந்து."

"அது எங்க கீது? மாதவரத்துக்கு அப்பாலயா?"

"கொஞ்சம் அப்பால."

"கம்ப்ளெயின்ட் குடுத்தா மட்டும் வந்துடப் போறானுங்களா?" என்று சொல்லி அவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செயல்முறை ஆராய்ச்சியில் இறங்கினேன். வீட்டில் இருக்கிற ஒரே அழுத்தப் பாத்திரம் குக்கர். அதில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை முழுசாகப் போட்டு, மூடி, அடுப்பில் ஏற்றினேன். பழம் குழாயை அடைக்கிறதா, வெயிட் விசிலடிக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். சமையலறை வாசலில் நின்று காத்திருந்தேன். விசில் வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். குக்கர் வாயையே திறக்கவில்லை. மேஸ்திரியின் அக்கா ஞாபகம் வந்தது.

அதற்கு மேல் நான் ஒரு நொடி தாமதிக்கவில்லை. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன். காலேஜ் படிக்கிற மகளைக் கட்டிலிலிருந்து கிளப்பினேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "எல்லாரும் கீழ எறங்குங்க!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு இறங்கினார். எங்கள் அபார்ட்மென்டின் முதல் மாடி முழுவதும் தெருவில் நின்றது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நிற்க வேண்டும் என்று நான் எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்தினேன். தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் அத்துப்படி.

"இன்னா ஆச்சு? யாரனா சொல்லுங்களேன்" என்றார் பிரஷ்காரர், வாயில் நுரையோடு.

"குக்கர்ல பழம்..." என்றேன்.

என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படியேறிப் போனாள். நான் "போவாத! போவாத!" என்று கத்தியதை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பால்கனியில் அவள் தலை தெரிந்தது.

"காஸு தீந்துட்சி!" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள். "அடுப்பே எரியல. நீங்க எல்லாம் மேல வாங்க. இவரு மட்டும் அங்கயே நிக்கட்டும்."

ஆராய்ச்சியின் முடிவு எதுவும் தெரியவில்லை. சிலிண்டர் மாற்றிய பிறகு அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் தெருவில் நின்ற நேரத்தில் ஒன்று மட்டும் தெளிவானது. என் வீட்டு ஆட்களைப் பழத்திலிருந்து காப்பாற்ற இவ்வளவு ஓடுகிறவன், அங்கே ஒருத்தி வால்வில் கை வைக்கப் போகிறாள் என்று தெரிந்தும் வீடியோ பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குள் போய் நின்றேன். சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சூப்பர்ண்ணே. ஐஸ்லாந்துக்கு எலுமிச்சம்பழம். எப்டிண்ணே உங்களுக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?"

"தோணலப்பா, நெசமாவே நடந்துச்சி."

"மூஞ்ச அப்படியே சீரியஸா வெச்சிக்கறீங்க பாருங்க, அதான் டாப்பு."

இருபத்தைந்து வருஷமாக அந்த ஷாப்பில் நான் அடித்த ஜோக்குகள் அத்தனையும் திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தன. கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு வந்து சாட்சி சொல்ல வைத்தேன். "நெசந்தான் மொதலாளி. பழத்த நான்தான் குடுத்தேன். நைனா வெளிய எடுத்தாரல." முதலாளியின் சிரிப்பு மெதுவாக வற்றியது.

எங்கள் தொழிலில் வெசலுக்குள் ஒரு துண்டு வெல்டிங் ராட் கிடந்தாலே மானம் போய்விடும். இது குங்குமப் பொட்டு வைத்த பழம். அவர் எழுந்து ஜன்னலருகே நின்றார். அடுத்து இரண்டு வெசலுக்கு ஐஸ்லாந்துக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும்.

"அது வெந்து கரைஞ்சிடாதாண்ணே?" என்றார்.

"கரையலாம். கரையாமயும் போலாம். எனக்குத் தெரியல."

"சொல்லாம உட்டா?"

"வால்வ தொறக்கப் போறது அந்தம்மாதான். பக்கத்துலயே நிப்பேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவர் கொஞ்ச நேரம் வெளியே நின்ற கிரேனைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து போனை எடுத்தார். "கதவ சாத்துங்க" என்றார். நான் சாத்தினேன். மேஸ்திரி சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். எதற்கென்று தெரியவில்லை.

அந்த அம்மா போனை எடுத்தபோது அங்கே காலை வேளை. பின்னால் சாம்பல் நிற வானம், மலைச்சரிவில் அங்கங்கே புகை மாதிரி நீராவி. ஊரே டீ போட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல வேளை, நீங்களே அழைத்தீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீராவி விடுவதற்கு முன்னால் உள்ளே ஒருமுறை பார்ப்பது எங்கள் வழக்கம். வெசலைத் திறந்தோம்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா கையை உயர்த்தினார். உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் துணி. துணி மேல் எலுமிச்சம்பழம். கொஞ்சம் சுருங்கியிருந்தது. மற்றபடி மஞ்சள் நிறம் மாறவில்லை. குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. நைட்ரஜன் தன் வேலையைச் செய்திருந்தது.

"இது உங்கள் பாதுகாப்புச் சாதனம்தானே?" என்றார். "என் ஆள் ஒருவன் தெரியாமல் வெளியே எடுத்துவிட்டான். எடுத்தது தவறா? உள்ளேயே இருக்க வேண்டியது என்றால் சொல்லுங்கள், எந்த இடத்தில் வைப்பது என்றும் சொல்லுங்கள். தெரிந்துகொள்ளாமல் வால்வைத் திறக்க வேண்டாம் என்று வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். மறந்து வைத்தது நான்தான் என்றும், குழாயை அடைத்து வெசல் வெடித்து அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வாரம் முழுக்கச் செத்துப் பிழைத்தேன் என்றும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மாடியையே காலி செய்தேன் என்றும் சொல்லிவிட்டேன். ஆங்கிலம் அங்கங்கே உடைந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதல் நாள் கிணறு என்ன துப்பும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார் கடைசியில். "மண், மணல், முஷ்டி அளவு கல். இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் வெளியேறும் வழியை அவ்வளவு அகலமாக வைத்திருக்கிறோம். நீங்கள்தானே செய்தீர்கள்? பழம் ஒன்றும் செய்யாது."

நான்தானே அளந்தேன், அந்த அகலத்தை! என் முழங்கை வரை உள்ளே போகும் குழாய் அது. வாரம் முழுவதும் என் மூளை அதைப் பேனா மூடி அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தது.

"அப்ப எதுக்கு மேடம் வேலைய நிறுத்தினீங்க?" என்று முதலாளி கேட்டார்.

அவர் சற்று வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். அவர்கள் ஊரில் சில பாறைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஜனங்கள் குடியிருப்பதாகச் சொல்வார்களாம். அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு பாறை குறுக்கே வந்தால் சாலையை வளைத்துப் போட்டுவிடுவார்களாம். "நம்பிக்கை இல்லை. ஆனால் பாறையை உடைக்கிற ஆள் நானாக இருக்க வேண்டாம், அவ்வளவுதான்" என்றார்.

இதை மொழிபெயர்த்ததும் மேஸ்திரிக்கு அவர் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்கானது. போனை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே சட்டத்தைச் சொன்னார்.

"அம்மா, சுத்துன பழம் உள்ள இருக்கக் கூடாதும்மா. காலால நசுக்கணும். மனசு வரலன்னா ஓடுற தண்ணில உட்ரு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நசுக்குவது மரியாதையாக இல்லை, தண்ணீரிலேயே விடுகிறேன் என்றார். "ஆனால் எங்கள் ஓடையில் வெந்நீர்தான் ஓடும். பரவாயில்லையா?"

"சூடு இன்னா, ஜில்லு இன்னா? ஓடுனா சரி" என்று தீர்ப்பு வந்தது.

அந்த அம்மா போனோடு நடந்தார். பாசி படர்ந்த கறுப்புக் கற்களுக்கு நடுவே ஆவி பறக்கிற ஒரு ஓடை. அதில் கம்பளிக் குல்லாய் போட்ட இரண்டு தாத்தாக்கள் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தார்கள். எதிரே மலை உச்சியில் இன்னும் பனி இருந்தது. அந்த அம்மா குனிந்து பழத்தைத் தண்ணீரில் விட்டார். அது ஒரு முங்கு முங்கி எழுந்து, குங்குமம் கரையக் கரைய மிதந்துபோனது. ஒரு தாத்தா தன்னைக் கடந்து போகும் பழத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து அதற்கு வழி விட்டார்.

இரண்டு நாள் கழித்து நீராவி. ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு முதலாளியின் போனைச் சுற்றி நின்றது. பயம் எல்லாம் போய்விட்டது என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தலையில் ஹெல்மெட்டும் காதில் அடைப்பானும் மாட்டிக்கொண்டு, எங்கள் வெசலின் பக்கத்தில் நின்று கையசைத்தார். வால்வைச் சுற்ற ஆரம்பித்தார். குழாய் ஒன்று முனகியது. வெசல் லேசாக அதிர்ந்தது. பிறகு தொலைவில் நின்ற புகைபோக்கியின் வழியாக ஒரு வெள்ளைத் தூண் கிளம்பி, வானத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. போன் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி இரைச்சல். எங்கள் வெசல் தன்பாட்டுக்கு நின்றது. ஒரு பொட்டு கசியவில்லை. அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஷாப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். என் கை மட்டும் எழவில்லை. ஏனென்று குனிந்து பார்த்தேன். மேஸ்திரியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"உடு நைனா" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தம்மாக்கு ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் ரத்தம் ஓடல."